கிணறு, விண், தண்ணி மெசின்: யாழ்ப்பாணத்து ஒலிகளில் குவேக் பாணி இசை செய்யும் முறை

1996 ஜூன் 22 இல் இட் சொஃப்ட்வெயர் வெளியிட்ட குவேக் என்ற கணினித் துப்பாக்கி விளையாட்டுக்கு இசை செய்தது நைன் இஞ்ச் நெயில்ஸ், அதாவது ட்ரெண்ட் ரெஸ்னரின் இண்டஸ்ட்ரியல் ரொக் குழு. ஆணித் துப்பாக்கியின் ஆணிப் பெட்டியில் அந்தக் குழுவின் மூன்றெழுத்துச் சின்னம் இருப்பதும், அடிபட்டு முனகும் நாயகனின் குரல் ரெஸ்னருடையது என்பதும் விளையாடியவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இசையைக் கேட்டால் ரொக் குழு எங்கே என்று தேடவேண்டியிருக்கும். பாட்டு இல்லை, மெட்டு இல்லை, தாளம் வந்தாலும் நின்று பிடிக்காது. உலோகம் உரசும், ஏதோ இயந்திரம் தூரத்தில் ஓடும், யாரோ மூச்சுவிடுவார்கள், அவ்வளவுதான்.

இப்படி அமைந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை, இசை வந்து சேர்ந்த வழியும் ஒரு காரணம். குவேக் குறுந்தட்டில் முதலாவது ட்ராக் விளையாட்டின் தரவு. இரண்டு முதல் பதினொன்று வரை பத்து ட்ராக்குகள் சாதாரண ஓடியோ குறுந்தட்டு இசை, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். ஒரு கட்டம் தொடங்கியதும் குறுந்தட்டு ட்ரைவ் அந்தக் கட்டத்துக்குரிய ட்ராக்கை ஓடவிடும், முடிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. நீங்கள் ஓகர் என்ற அரக்கனோடு சண்டை பிடிக்கிறீர்களா, வெறும் நடைபாதையில் வழி தெரியாமல் நிற்கிறீர்களா என்பது அந்த இசைக்குத் தெரியாது. ஒரு கட்டத்தை ஒருவர் ஐந்து நிமிடத்தில் முடிப்பார், இன்னொருவர் முக்கால் மணித்தியாலம் சுற்றித் திரிவார். இருவருக்கும் ஒரே ட்ராக்தான்.

இந்த வகை இசை செய்ய வருபவர்கள் முதலில் மனதில் இருத்தவேண்டியது இதைத்தான். ஆட்டக்காரர் என்ன செய்கிறார் என்று அறியாத இசைக்கு உச்சம் இருக்கக்கூடாது. உச்சம் வைத்தால் அது எப்போதும் பிழையான இடத்தில் வரும்: வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வயலின் கூட்டம் அலறும். பயமுறுத்துவது விளையாட்டின் வேலை. அந்த இடத்தின் காற்றைச் செய்வது மட்டும்தான் இசையின் வேலை.

கீழே வருவது ஆறு நிமிட ட்ராக் ஒன்றைச் செய்து குவேக்குக்குள் போடும் வரைக்குமான முறை. யாழ்ப்பாணத்தில் கிடைக்கும் ஒலிகளையும் சாமான்களையும் வைத்தே எழுதியிருக்கிறோம்.

சாமான்கள்

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியக்கூடிய கையடக்க ரெக்கோர்டர் ஒன்று போதும். ஸூம் எச்1என் அதைச் செய்யும். அதிகம் செலவழிக்கத் தேவையில்லை, ஆனால் 96 வேண்டும். ஏன் என்று மெதுவாக்கும் பகுதியில் வரும். போனில்தான் பதியப்போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: போனோடு வரும் குரல் பதியும் செயலிகள் பலவற்றில் இரைச்சல் நீக்கம் தானாகவே வேலை செய்யும். மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும். நமக்கு வேண்டியதே அந்த மாறாத இரைச்சல்தான். பதியத் தொடங்கி மூன்று நான்கு செக்கனில் ஒலி தானாகத் தேய்ந்து போனால் காரணம் இதுவே. இரைச்சல் நீக்கத்தையும் தன்னியக்க அளவுக் கட்டுப்பாட்டையும் நிறுத்தக்கூடிய, வேவ் கோப்பாகச் சேமிக்கும் செயலியைத் தேடிப் போடுங்கள்.

அடுத்தது 27 மில்லிமீற்றர் பியசோ தட்டு, பொருளில் ஒட்டி அதன் அதிர்வை நேரே பிடிப்பதற்கு. இலக்ட்ரோனிக் சாமான் விற்கும் கடையில் பஸர் தட்டு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு மூன்றாக வாங்குங்கள், ஒன்றாவது சோல்டர் பண்ணும்போது கெட்டுப்போகும். வெள்ளை வட்டத்தின் மேலிருக்கும் வெள்ளிப்பூச்சு சூட்டில் உரிந்துவிடுவதால் சோல்டர் இரும்பை இரண்டு செக்கனுக்கு மேல் வைக்கக்கூடாது. நடுக்கம்பி வெள்ளை வட்டத்துக்கு, வலைக்கம்பி பித்தளை ஓரத்துக்கு. வலை போட்ட மைக் வயர்தான் பாவிக்கவேண்டும். சாதாரண ஸ்பீக்கர் வயரைப் போட்டால் வீட்டு மின்சாரத்தின் உறுமல் முழுவதும் உள்ளே வரும்.

பியசோவை ரெக்கோர்டரின் மைக் துளையில் நேரே செருகிவிட்டு, பாஸ் இல்லை, தகரம் தட்டுவதுபோல் இருக்கிறது என்று ஏமாறுபவர்கள் அதிகம். அந்தத் தட்டு ஏறத்தாழ 20 நனோஃபரட் கொண்ட ஒரு கொள்ளளவி (கபாசிற்றர்). 10 கிலோஓம் உள்ளீட்டில் போட்டால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேயத் தொடங்கிவிடும். 1 மெகாஓம் உள்ளீட்டில் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆகவே ஓடியோ இன்ரர்ஃபேஸில் கிட்டாருக்கென்று இருக்கும் உள்ளீட்டில் போடுங்கள், அல்லது கிட்டார் ப்ரீ அம்ப் ஒன்றை இடையில் வையுங்கள்.

கணினியில் ரீப்பர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள். அறுபது நாள் முழு வசதியோடும் பரீட்சித்துப் பார்க்கலாம். அதோடு ஓடாசிட்டி, அது இலவசம். கரண்ட் நின்றால் வேலை போகாமல் இருக்க யூபிஎஸ் நல்லதுதான், ஆனால் பதியும்போது அதை நிறுத்துங்கள். மலிவு யூபிஎஸ் பற்றரியில் ஓடும்போது போடும் சத்தம் பியசோ வயரில் ஏறும். சொல்லப்போனால் கரண்ட் நின்ற இரவுதான் பதிவுக்கு வாய்ப்பான இரவு. பிரிஜ், ஃபேன், பக்கத்து வீட்டு ரிவி ஒன்றும் இல்லை. பற்றரியை மட்டும் முதலிலேயே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிகளைப் பிடித்தல்

எந்த ஒலிக்கும் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு நிமிடம் பதியுங்கள். கதைக்கவும் வேண்டாம், அசையவும் வேண்டாம். நேரம் அதிகாலை ஒன்று முதல் நான்கு வரை. அதற்கு முன் நாய், அதற்குப் பின் கோயில் ஒலிபெருக்கியும் சேவலும்.

கிணறுதான் யாழ்ப்பாணத்தின் பெரிய சொத்து. சுண்ணக்கல்லில் வெட்டிய ஆழமான வளையம் இயல்பாகவே ஒரு குழாய், அடியில் தண்ணீர் மூடி நிற்கிறது, மேலே வாய் திறந்திருக்கிறது. விளிம்பிலிருந்து தண்ணீர் ஆறு மீற்றர் கீழே என்றால் குழாயின் கணக்குப்படி ஒத்ததிர்வு 14, 43, 72 ஹெர்ட்ஸ் என்று வரும். வாய் அகலமான கிணற்றில் இவை இன்னும் சற்றுக் கீழே இறங்கும். 14 காதுக்குக் கேட்காது, மற்ற இரண்டும்தான் கிணற்றுக்குள் குனிந்தால் நெஞ்சில் படுகிற அந்த முழக்கம். செப்ரெம்பரில் தண்ணீர் வற்றிக் குழாய் நீளும், சுருதி இறங்கும். மாரி முடிந்து ஜனவரியில் கிணறு நிரம்பினால் சுருதி ஏறும். ஒரே கிணற்றை இரண்டு பருவத்திலும் பதிந்து வைத்தால் இரண்டு வேறு கிணறுகள் உங்களிடம் இருக்கும்.

ரெக்கோர்டரைக் கையால் நீட்டிப் பிடிக்காதீர்கள். கட்டுக்கு மேலால் குனிவதும் வேண்டாம். கப்பியிலோ துலாவிலோ கயிற்றில் கட்டி, காப்புக்கு இன்னொரு கயிறும் போட்டு, தண்ணீருக்கு ஒரு மீற்றர் மேலே நிற்கும்படி இறக்குங்கள். இறக்கியதும் அது சுழலும். சுழற்சி நிற்கும்வரை காத்திருக்காவிட்டால் ஸ்டீரியோப் படம் இடமும் வலமுமாக அலையும், பிறகு அதைத் திருத்த வழியில்லை. வாளி தண்ணீரில் முட்டுவது, சொட்டு விழுவது, கப்பி கிறீச்சிடுவது, சுவரில் கல்லால் உரசுவது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிடியுங்கள்.

கிணற்றின் எதிரொலியை அப்படியே கணினிக்குக் கொண்டுபோவதற்கும் வழி உண்டு. ஒரு பெரிய பலூனை ஊதி கயிற்றில் கட்டி ரெக்கோர்டரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி இறக்குங்கள். நீண்ட மூங்கில் தடியின் நுனியில் ஊசி கட்டி அதால் உடையுங்கள். பலூன் சத்தம் எதிர்பார்ப்பதைவிட மிகப் பெரிது, ஆகவே பதிவின் அளவை வழக்கத்தைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள். உச்சம் வெட்டுப்பட்ட பதிவு இதற்கு உதவாது. ஐந்தாறு பலூன் உடைத்து மிகச் சுத்தமானதை எடுத்து, வெடிப்புத் தொடங்கும் இடத்திலேயே முன்பக்கத்தை வெட்டி, வால் பகுதியை மெல்லத் தேய்த்து முடியுங்கள். ரீப்பரிலுள்ள ரீவெர்ப் (ReaVerb) என்ற எதிரொலிச் செருகியில் அந்தக் கோப்பை ஏற்றினால் இனி எந்த ஒலியையும் உங்கள் கிணற்றுக்குள் இறக்கலாம். எந்தக் கடையிலும் விற்காத ரிவேர்ப், அதாவது எதிரொலி, இது.

விண், அதாவது பட்டத்தில் பூட்டும், காற்றில் கூவும் வில். பட்டக் காலத்தில் வல்வெட்டித்துறைப் பக்கம் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரிய பட்டத்தில் பூட்டிய விண்ணின் நாடா காற்றில் துடித்துக் கூவுவது, காற்றுக்கேற்ப மெல்ல ஏறி இறங்குவது, இவையெல்லாம் இந்த இசைக்காகவே செய்துவைத்ததுபோல. கீழிருந்து மைக்கை மேலே காட்டிப் பதிந்தால் கிடைப்பது பெரும்பாலும் காற்றின் சத்தம்தான். நூலைக் கட்டியிருக்கும் கட்டையில் பியசோவை இரண்டு சுற்று இன்சுலேசன் ரேப்பால் இறுக்கி ஒட்டிப் பாருங்கள். இறுகி நிற்கும் நூல் வழியாக வரும் அதிர்வு மெல்லியது, அளவை நன்றாக ஏற்றவேண்டும், ஆனால் அதில் காற்றிரைச்சல் இல்லை. மின்கம்பிக்குப் பக்கத்தில் இதை முயலவே வேண்டாம்.

தண்ணி இறைக்கும் மெசின். தோட்டத்து மெசின் ஒரு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருதடவை வெடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு 25 வெடி. அதைப் பதினாறில் ஒரு மடங்கு வேகத்துக்கு இறக்கினால் நிமிடத்துக்கு 94 அடி வரும், சுருதி நான்கு எட்டு (ஒக்டேவ்) கீழே. எவரும் வாசிக்காத ஒரு தாளம். அடி ஒவ்வொன்றும் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவதால் காதுக்குச் சலிப்பதில்லை, ட்ரம் மெசினால் இதைச் செய்ய முடியாது. புகைக்குழாயிலிருந்து இரண்டு மீற்றர் பக்கவாட்டில் நின்று பதியுங்கள். நேர் எதிரே நின்றால் புகைக்காற்று மைக்கில் அடித்துத் தாழ்ந்த உப்பல்கள் விழும். மிளகாய் அரைக்கும் மில்லின் பட்டி அடிக்கும் சத்தமும் இதே வேலைக்கு நல்லது, உரிமையாளரைக் கேட்டுவிட்டு கூட்டமில்லாத நேரத்தில் போங்கள்.

இரும்புக் கேற். எண்ணெய் காணாத பிணைச்சலின் கிறீச்சு, நாலில் ஒரு மடங்கு வேகத்தில் ஒரு மிருகம். கேற்றைத் தள்ளும் வேகத்தை மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு தடவை பதியுங்கள், ஆக மெதுவாகத் தள்ளியதுதான் பெரும்பாலும் பாவனைக்கு வரும். கூரைத் தகரம் ஒன்றைத் தொங்கவிட்டு, தடித்த மீன்பிடி நைலோன் நூலில் வயலின் ரொசின் தேய்த்து, ஓரத்தில் குறுக்கே இழுத்தால் வில் போட்டதுபோல் நீண்டு அழும். பியசோவைத் தகரத்தின் நடுவில் ஒட்டாமல் மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒட்டுங்கள்.

மின்சாரம். இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமரின் இரும்பு ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு தடவை நீண்டு சுருங்குவதால் அதன் முழக்கம் 100 ஹெர்ட்ஸில் விழும். வீதியோரம் நின்று பதியுங்கள், வேலிக்கு உள்ளே போகவோ எதையும் தொடவோ வேண்டாம். அதைவிட வசதியானது எலக்ட்ரிக் கிட்டார் ஒன்றை அடப்டர், ஃபேன் ரெகுலேற்றர், எல்ஈடி விளக்கு இவற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. சிங்கிள் கொயில் பிக்கப் அவற்றின் காந்தப்புலத்தை நேரே பிடிக்கும். கிட்டார்காரர்கள் ஆயுள் முழுக்க விரட்டும் சத்தம் இங்கே மூலப்பொருள்.

காய்ந்த பனையோலை சோளகக் காற்றில் ஒன்றோடொன்று உரசுவது நல்ல மேல்ஸ்தாயி. மே முதல் செப்ரெம்பர் வரை கேட்கவே வேண்டாம். மைக்குக்கு மயிர்க்கவசம் போடாமல் போகாதீர்கள்.

எடுக்கக்கூடாதவை என்று நாங்கள் நினைப்பவையும் உண்டு. செத்தவீட்டுச் சங்கும் பறையும் நம் காதுக்கு உடனடியாக அர்த்தம் சொல்லிவிடும், அதற்குப் பிறகு ஆட்டக்காரர் விளையாட்டுக்குள் இல்லை. தவிர, அது வேறொருவரின் துக்கம். ஷெல், ஹெலி, பொம்பர் சத்தங்களும் அப்படியே. இந்த ஊரில் அவற்றைப் பின்னணி அலங்காரமாகக் கேட்கக்கூடியவர்கள் குறைவு. இந்த இசைக்கு வேண்டியது என்னவென்று கண்டுபிடிக்க முடியாத ஒலி. என்னவென்று தெரிந்துவிட்டால் பாதி வேலை கெட்டது.

மெதுவாக்குதல்

இரண்டு வழி உண்டு, இரண்டும் வேறு வேறு பலன் தரும்.

முதலாவது, பழைய ரேப்பை மெதுவாக ஓட்டுவது. ரீப்பரில் ஒலித்துண்டைத் தெரிந்து எஃப்2 அழுத்தி, வேகத்தை 0.25 ஆக்கி, சுருதியைக் காக்கும் தெரிவை எடுத்துவிடுங்கள். பத்து செக்கன் நாற்பதாகும், சுருதி இரண்டு எட்டு இறங்கும். 96 கிலோஹெர்ட்ஸ் இங்கேதான் தேவைப்படுகிறது. 44.1 இல் பதிந்ததில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் இல்லை. நாலில் ஒன்றாக்கினால் மேல் எல்லை ஐந்தரைக்கு வந்துவிடும், போர்வையால் மூடியமாதிரி மங்கும். 96 இல் பதிந்தால் எல்லை 12 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். நம் காதுக்குக் கேட்காத உரசல்களை மைக் பிடித்திருந்தால் அவை கேட்கும் எல்லைக்குள் இறங்கிவரும். கேற், தகரம், ஓலை மூன்றிலும் அப்படிப்பட்டவை நிறைய.

இரண்டாவது, ஓடாசிட்டியிலுள்ள போல்ஸ்ட்ரெட்ச். சுருதி மாறாது, நீளம் மட்டும் கூடும், ஒலி சட்டென்று தொடங்கும் முன்முனைகள் எல்லாம் கரைந்து மேகமாகும். நீட்டிப்பு 8 முதல் 20 வரை, நேரத் துல்லியம் 0.25 செக்கன். துல்லிய எண்ணைக் கூட்டினால் இன்னும் வழுவழுப்பாகும். இதை விண்ணுக்கும் கிணற்றுச் சொட்டுக்கும் பாவியுங்கள். எல்லா அடுக்குக்கும் போட்டால் உடற்பயிற்சி நிலையத்துத் தியான இசையாகிவிடும். இருளும் வராது, கரடுமுரடும் வராது. புதிதாகச் செய்பவர்களின் ட்ராக்குகளில் மிக அதிகமாகக் காணும் கோளாறு இது.

அடுக்குதல்

அடுக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம்.

படுக்கை அடுக்கு மின்சார முழக்கம். அதை மற்ற எல்லாவற்றுக்கும் ஆதார சுருதியாக எடுங்கள். 50 ஹெர்ட்ஸ் என்பது பியானோவின் கீழ் ஜி சுரத்தைவிட 35 சென்ற் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) கூட. கிட்டாரோ சின்தசைசரோ சேர்ப்பதென்றால் அதையும் 35 சென்ற் ஏற்றி ஜியில் சுருதி சேருங்கள். சேர்க்காமல் விட்டால் 49க்கும் 50க்கும் இடையே செக்கனுக்கு ஒரு துடிப்பு விழும். வேண்டுமென்றே வைத்தால் அது அழகு, தெரியாமல் விழுந்தால் மிக்ஸ் முழுவதும் தள்ளாடும். லப்டொப் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. ஆகவே இந்த அடுக்கின் பிரதி ஒன்றைக் கிட்டார் அம்ப் மென்பொருள் வழியாக நன்றாகக் கிழித்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, மூலத்தைவிட 12 டெசிபெல் குறைவாகச் சேருங்கள். 150, 200, 250 ஹெர்ட்ஸ் இணைசுரங்கள் பிறந்து சிறு ஸ்பீக்கரிலும் பாரம் தெரியும். ரொக் குழுவின் கைவண்ணம் இந்த வகை இசையில் ஒளிந்திருப்பதும் இங்கேதான். கிட்டார் வாசிப்பில் தேடினால் அகப்படாது, கிட்டார்காரர்கள் அம்ப்பையும் டிஸ்டோர்ஷனையும் பாவிக்கும் விதத்தில் இருக்கிறது. உண்மையான அம்ப் இருந்தால் இன்னும் நல்லது: ட்ராக்கை அதற்குள் அனுப்பி, அறையின் மறுமூலையில் ரெக்கோர்டரை வைத்துத் திரும்பப் பதியுங்கள்.

அதன்மேல் துடிப்பு, மெதுவாக்கிய தண்ணி மெசின். ஆறு நிமிடமும் ஓடவேண்டாம். நாற்பது செக்கன் வந்து, ஒரு நிமிடம் காணாமல் போய், திரும்ப வரட்டும். வரும்போதும் போகும்போதும் பதினைந்து செக்கனாவது எடுக்கட்டும், தொடங்கியதை யாரும் கவனிக்கக்கூடாது.

மூன்றாவது அசைவு: விண், தகரம். இவற்றை 37, 53, 71 செக்கன் போன்ற நீளங்களில் லூப்பாக்குங்கள். 37உம் 53உம் திரும்ப ஒன்றாகச் சேர 1961 செக்கன், அரை மணித்தியாலத்துக்கு மேல், ஆகும். ஆறு நிமிடத்தில் ஒரே கூட்டு இரண்டு தடவை வராது. 30, 60, 90 என்று வட்ட எண்களில் வைத்தால் ஒரு நிமிடத்திலேயே காது பிடித்துவிடும்.

நான்காவது நிகழ்வுகள்: கேற், கல், வாளி. ஆறு நிமிடத்துக்கு ஏழு எட்டுப் போதும், எல்லாம் கிணற்று ரிவேர்ப்புக்குள், எதிரொலி (ஈரம்) மட்டும், நேரொலி இல்லாமல். ஒன்றுக்கொன்று சம இடைவெளி வேண்டாம். கதவு திறப்பது, காலடி, உறுமல் என்று விளையாட்டின் ஒலியாக எடுத்துக்கொள்ளக்கூடிய எதையும் தெளிவாக வைக்காதீர்கள். ஆட்டக்காரர் திரும்பிச் சுடுவார், அங்கே ஒன்றும் இராது. இரண்டாவது தடவை ஏமாந்தவுடன் இசையை நிறுத்திவிடுவார்.

கடைசியாக ஓலையின் உரசல், 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மட்டும், மிக மெல்லியதாக.

இனி விளையாட்டின் ஒலிகளுக்கு இசையில் ஓட்டை விடும் வேலை. குவேக்கின் மூல ஒலிகள் பெரும்பாலும் 11025 ஹெர்ட்ஸ், 8 பிட், மோனோ. அவற்றில் ஐந்தரைக் கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கிடையாது. சுவருக்கு அப்பால் ஓகர் சங்கிலி வாளை இழுப்பது, ஸொம்பி முனகுவது, துப்பாக்கி எல்லாம் 300 ஹெர்ட்ஸிலிருந்து 4 கிலோஹெர்ட்ஸுக்குள் கூட்டமாக நிற்கின்றன. ஆட்டக்காரர் உயிர் தப்புவது அந்த எல்லைக்குள் கேட்பதை வைத்துத்தான். இசைக்குப் பட்டா கொடுத்த நிலம் இரண்டு: 250க்குக் கீழே, 6000க்கு மேலே. நடுவில் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை அகலமான வளைவில் நான்கு டெசிபெல் குறையுங்கள். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுவதும் வெட்டுங்கள், 120க்குக் கீழே மோனோ ஆக்குங்கள். அசைவையும் ஓலையையும் இரு ஓரங்களுக்கும் தள்ளி வைத்தால் நடு இன்னும் காலியாகும்.

முழு ட்ராக்கின் சராசரி உரப்பு மைனஸ் 20 லஃப்ஸ் (LUFS, காதுக்குத் தெரியும் உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். சினிமாப் பாட்டின் அளவுக்கு இறுக்கவேண்டாம், மெல்லிய இடங்கள் மெல்லியதாகவே இருக்கவேண்டும்.

லூப்பின் தையல்

ட்ராக் முடிந்து திரும்பத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன இடறல் இருந்தாலும் போதும், ஆட்டக்காரருக்கு விளையாட்டு ஞாபகம் போய்க் கோப்பு ஞாபகம் வந்துவிடும். முடித்த மிக்ஸைச் சரி நடுவில் வெட்டுங்கள். பின்பாதியை முன்னுக்கும் முன்பாதியைப் பின்னுக்கும் போடுங்கள். பழைய முடிவும் பழைய தொடக்கமும் இப்போது கோப்பின் நடுவில் சந்திக்கும், அந்த இடத்தில் ஒன்று தேய மற்றது எழும்படி பத்து செக்கன் குறுக்குத் தேய்ப்புக் கொடுங்கள். கோப்பின் புதிய முனைகள் இரண்டும் முன்பு ஒட்டியிருந்த ஒரே இடம் என்பதால் தானாகவே பொருந்தும்.

தேய்ப்பின் வளைவில் ஒரு நுணுக்கம். சந்திக்கும் இரண்டு ஒலிகளும் வேறு வேறானவை என்றால் சமசக்தி வளைவு. இரண்டிலும் ஒரே முழக்கம் அலைக்கு அலை பொருந்தி (ஒரே ஃபேஸில்) ஓடுகிறதென்றால் அந்த வளைவு நடுவில் 3 டெசிபெல் மேடு கட்டும், அப்போது நேர்கோட்டு வளைவைப் போடுங்கள்.

எம்பி3 வேண்டாம். அதன் குறியாக்கம் கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு வெறுமையைச் சேர்ப்பதால் எவ்வளவு கவனமாகத் தைத்தாலும் இடறும். ஓக் வோர்பிஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், தரம் 6. ஆறு நிமிடம் ஒன்பது மெகாபைற்றுக்குள் அடங்கும்.

விளையாட்டுக்குள் போடுதல்

குவேக்கின் நிரல் 1999 டிசெம்பரில் ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அதிலிருந்து வந்த, குவேக்கை ஓட்டும் குவேக்ஸ்பாஸம் என்ற நிரல் இந்த வேலைக்கு லேசானது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் பல காலம் விற்ற பதிப்பில் குறுந்தட்டு இல்லாததால் இசையே இல்லை. 2021 மறுவெளியீட்டில் அது திரும்ப வந்தது. நிரல் மட்டும்தான் திறந்தது என்பதை மறக்கவேண்டாம்: கட்டங்கள், ஒலிகள், இசை எதற்கும் அந்த உரிமம் பொருந்தாது. ரெஸ்னரின் ட்ராக்கிலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சேர்த்துவிட்டு உங்களுடையது என்று வெளியிட முடியாது.

மூல ஃபோல்டரைத் தொடாமல் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்து, உள்ளே மியூசிக் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் பெயரிட்ட ஃபோல்டரை வையுங்கள். உங்கள் கோப்பின் பெயர் ட்ராக் என்ற சொல்லும் அதோடு ஒட்டிய இரண்டு இலக்கமுமாக (track02.ogg போல) இருக்கவேண்டும், 02 முதல் 11 வரை. 2 என்று ஒற்றை இலக்கமாக எழுதினால் ஓடாது. விளையாட்டைத் தொடங்கும்போது கேம் (-game) என்ற கட்டளைச் சேர்க்கையோடு புதிய ஃபோல்டரின் பெயரைக் கொடுங்கள். இலவசமாக வந்த முதலாம் அத்தியாயப் பதிப்பு மட்டும் இருந்தால் இந்தச் சேர்க்கையை ஏற்காது, பதிவுசெய்த பதிப்பு வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். விளையாட்டு கையில் இல்லாதவர்கள் லிப்ரேகுவேக் தரவை இறக்கிப் பரீட்சிக்கலாம், அது சுதந்திர உரிமத்தில் கிடைக்கிறது.

சொந்தமாகக் கட்டம் அமைப்பவர்கள் ட்ரென்ச்புரூம் என்ற கட்டம் அமைக்கும் மென்பொருளில் வேர்ல்ட்ஸ்போனின் (worldspawn) சவுண்ட்ஸ் (sounds) என்ற திறப்புக்கு ட்ராக் எண்ணைக் கொடுத்தால் அந்தக் கட்டத்துக்கு அந்த இசை.

இசையோடு நிற்காமல் கட்டத்தின் சூழல் ஒலிகளையும் மாற்றலாம். உங்கள் ஃபோல்டரில் சவுண்ட் (sound), அதற்குள் அம்பியன்ஸ் (ambience) என்று திறந்து, மூலத்தில் இருக்கும் அதே பெயரில் கோப்பைப் போடுங்கள்: வானம் தெரியும் இடத்துக் காற்று வின்ட்2 (wind2), முழக்கம் ட்ரோன்6 (drone6). மோனோ வேவ் கோப்பாக, 11025 அல்லது 22050 ஹெர்ட்ஸில். இவற்றுக்குள் லூப் தொடங்கும் இடத்தைச் சொல்லும் குறி பதிந்திருக்கவேண்டும். குறி இல்லாவிட்டால் ஒலி வராது, ஒலி லூப் செய்யப்படவில்லை என்று கொன்சோலில் ஒரு வரி மட்டும் வரும். ஓடாசிட்டி இந்தக் குறியை எழுதாது, வேவோசோர் என்ற மென்பொருள் எழுதும். கோப்பு சரியாகத்தானே இருக்கிறது, ஏன் கேட்கவில்லை என்று மினக்கெடுபவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

பரீட்சிக்கும்போது ஒலி 0.7, இசை 0.6 என்று வைத்துத் தொடங்குங்கள். ஓகர் நிற்கும் அறைக்கு வெளியே, கதவு மூடியிருக்க, ஹெட்போன் இல்லாமல் சாதாரண ஸ்பீக்கரில் கேளுங்கள். அவன் உறுமல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லையா, 300 முதல் 600 ஹெர்ட்ஸில் இன்னும் இரண்டு டெசிபெல் குறையுங்கள். பெரும்பாலும் குற்றவாளி கிணற்று ரிவேர்ப்தான், அதன் திரும்பிவரும் பாதையிலேயே வெட்டுங்கள். சண்டை நடக்கும்போது இசை காணாமல் போவது பிழையல்ல. சண்டை முடிந்து கடைசி ஆணி சுவரில் பட்ட பிறகு முழக்கம் திரும்பக் கேட்கத் தொடங்க வேண்டும். அதற்கு மூன்று நான்கு செக்கனுக்கு மேல் எடுத்தால் படுக்கை அடுக்கை மட்டும் ஒன்றரை டெசிபெல் ஏற்றுங்கள், மற்றவற்றைத் தொடவேண்டாம்.